போலீஸிடம் சொன்ன வாக்குமூலம் செல்லுமா? கொலை வழக்குகளில் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

"கொலையாளி போலீஸில் பரபரப்பு வாக்குமூலம்." இப்படி ஒரு தலைப்பை வாரம் ஒரு முறையாவது நாம் படிக்கிறோம். படித்ததும் "இவன்தான் செய்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிடிபட்டவரின் குடும்பமும் அதை நம்பி, "அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், இனி வக்கீல் எதற்கு?" என்று சோர்ந்துபோகிறது. ஆனால் சட்டம் சொல்வது வேறு. காவல்துறை அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை, சொன்னவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாது.

கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டத்தில் இது தெரியாமல் இருப்பதன் விலை அதிகம். 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலையும் பேருந்தும் சரியாக இல்லாத மலைக் கிராமத்திலிருந்து ஒருவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றால், அவர் எங்கே இருக்கிறார் என்று குடும்பம் தெரிந்துகொள்வதற்குள்ளேயே பல மணி நேரம் ஓடிவிடும். வாக்குமூலங்கள் எழுதப்படுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இந்தத் தடை எப்படி வந்தது?

இதற்கான காரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்ற புகாரை விசாரிக்க ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. புகார் உண்மை என்று அது 1855-இல் அறிக்கை தந்தது. அப்போது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. பின்னர் 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் போலீஸ் வாக்குமூலத்துக்குத் தடை வந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் அதை 25, 26-ஆம் பிரிவுகளாக வைத்துக்கொண்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் இவை 23-ஆம் பிரிவாக உள்ளன. காவல்துறை அதிகாரியிடம் செய்த ஒப்புதல் செல்லாது. காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், நீதித்துறை நடுவர் உடனிருந்தால் அன்றி அதுவும் செல்லாது. மிரட்டியோ ஆசை காட்டியோ பெற்ற ஒப்புதலை 22-ஆம் பிரிவு ஒதுக்குகிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3) பிரிவு.

மூன்று வாசல்கள்

தடை இருந்தும் ஒப்புதல் வழக்குக்குள் வர மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பொருள் மீட்பு. காவலில் உள்ளவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சேர்ந்த பகுதி மட்டும் ஏற்கப்படும். பழைய 27-ஆம் பிரிவான இது, இப்போது 23-ஆம் பிரிவுக்குள் வருகிறது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற புலுகூரி கோட்டையா வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு எல்லை வகுத்தது. "கத்தியைக் கூரையில் மறைத்து வைத்திருக்கிறேன்" என்பது ஏற்கப்படலாம். "அந்தக் கத்தியால்தான் குத்தினேன்" என்பது ஏற்கப்படாது. பொருள் அங்கே இருப்பது போலீஸுக்கு முன்பே தெரியும் என்றாலோ, யார் வேண்டுமானாலும் வந்துபோகும் பொது இடத்தில் அது கிடைத்தது என்றாலோ அந்த மீட்பின் மதிப்பு வெகுவாகக் குறையும்.

இரண்டாவது, நீதித்துறை நடுவர் முன் தரும் வாக்குமூலம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவுப்படி, "நீ ஒப்புக்கொள்ளக் கட்டாயம் இல்லை, ஒப்புக்கொண்டால் உனக்கு எதிராகப் பயன்படும்" என்று நடுவர் முதலில் எச்சரிக்க வேண்டும். பதிவுக்கு முன்பே ஒருவர் "எனக்கு விருப்பமில்லை" என்று சொன்னால், அவரை மீண்டும் போலீஸ் காவலுக்கு அனுப்ப நடுவர் அனுமதிக்கக் கூடாது. இந்த ஒரு வரியைத் தெரிந்து வைத்திருந்தால் பலர் தப்பியிருப்பார்கள்.

மூன்றாவது, தமிழ்நாட்டில் அடிக்கடி காணும் வழி: "கிராம நிர்வாக அலுவலரிடம் சரணடைந்து ஒப்புக்கொண்டார்" என்பது. வி.ஏ.ஓ. போலீஸ்காரர் அல்லர். அதனால் போலீஸிடம் சிக்குவதற்கு முன் அவரிடம் சொன்னது தானாகவே தள்ளுபடி ஆகாது. ஆனால் முன்பின் பழக்கமில்லாத அதிகாரியிடம் ஒருவர் ஏன் போய் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியை நீதிமன்றம் கேட்கும், வழக்கறிஞரும் கேட்க வேண்டும். பிற ஆதாரம் இல்லாத இத்தகைய ஒப்புதல் பலவீனமான சாட்சியம் என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு.

தடையை நீக்கினால் என்ன ஆகும்?

சிறப்புச் சட்டங்கள் இந்தப் பாதுகாப்பை விலக்கி வைத்தன. தடா சட்டத்தில் காவல் கண்காணிப்பாளரே வாக்குமூலம் பதிவு செய்யலாம், அதுவே சாட்சியம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதிக்கப்பட்டது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. குற்றம் தடா சட்டத்தின் கீழ் வராது என்று சொன்ன அதே தீர்ப்பு, தடா வாக்குமூலங்களைக் கொலைக் குற்றத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. 19 வயதில் கைதான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், 2013-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். வாங்கித் தந்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக அவர் கூறினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. அது நிரபராதி என்ற தீர்ப்பு அல்ல. அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவின் கீழான விடுதலை. ஒரு வரி விடுபட்டதன் விலை 30 ஆண்டுகளுக்கு மேல்.

பொடா சட்டத்திலும் இதுதான் நடந்தது. 2002 செப்டம்பரில் நடந்த அக்ஷர்தாம் தாக்குதல் வழக்கில் ஆறு முஸ்லிம்கள் தண்டிக்கப்பட்டனர். மூவருக்குத் தூக்கு. அவர்களில் முஃப்தி அப்துல் கய்யூமும் ஒருவர். 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. யோசிக்கப் போதிய அவகாசம் தராமல் வாக்குமூலம் பெறப்பட்டதையும், அவர்களை முன்நிறுத்தியபோது நடுவர் உரிய விசாரணை செய்யாததையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. முஃப்தி தம் 11 ஆண்டுச் சிறைவாழ்வைப் பின்னர் நூலாக எழுதினார்.

இது நம் சமுதாயத்தின் பிரச்சினை மட்டுமல்ல. மகாராஷ்டிராவில் 2003-இல் நடந்த கொலைகளுக்காக நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேருக்கு உச்ச நீதிமன்றமே 2009-இல் தூக்கை உறுதி செய்தது. பின்னர் அதே நீதிமன்றம் வழக்கை மீண்டும் கேட்டு, 2019 மார்ச் 5 அன்று அனைவரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. உயிர் பிழைத்த சாட்சி போலீஸின் புகைப்படத் தொகுப்பில் அடையாளம் காட்டியது வேறு நான்கு பேரை! ஆறு பேருக்கும் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. தேனி மாவட்டம் சுருளி அருவியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலையில் தூக்கு பெற்றவரையும் 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. டி.என்.ஏ. மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த கடும் குறைகளைச் சொல்லி, நாடு முழுவதற்கும் வழிமுறைகளையும் வகுத்தது.

தவறாகச் சிறையில் கழிந்த ஆண்டுகளுக்கு இழப்பீடு தரும் தனிச் சட்டம் இன்றும் நம் நாட்டில் இல்லை. அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது.

குடும்பமும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியவை

• கைதுக் குறிப்பில் குடும்பத்தினர் ஒருவரோ, அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்கிறது சட்டம். ஜமாஅத் நிர்வாகிகள் தயங்காமல் காவல் நிலையம் செல்ல வேண்டும். நேரத்தைச் சரியாகக் குறித்தார்களா என்று பாருங்கள்.

• பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். தாமதமானால் மேலதிகாரிகளுக்கும் நடுவருக்கும் உடனே தந்தி போல ஒரு மின்னஞ்சலாவது அனுப்பி, அதன் நகலை வைத்திருங்கள்.

• விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு. வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

• போலீஸ் விசாரணையில் சாட்சியாகச் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டியதில்லை. வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

• அடித்திருந்தால், முதல் முறை நடுவர் முன் நிற்கும்போதே சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

• காவல் நிலையங்களில் சி.சி.டி.வி. இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. அந்த நாட்களின் பதிவைப் பாதுகாக்கும்படி வழக்கறிஞர் மூலம் விரைவாக மனுச் செய்யுங்கள்.

கொலையானவருக்கும் ஒரு குடும்பம் உண்டு. தவறான ஆள் சிறையில் இருக்கும்வரை உண்மையான கொலையாளி வெளியில்தான் நடமாடுகிறான். ஆகவே அடித்து வாங்கிய வாக்குமூலம் அந்தக் குடும்பத்துக்கும் நீதி தராது. அடுத்த முறை "பரபரப்பு வாக்குமூலம்" என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்போது, அதைப் பகிரும் முன் ஒரு கேள்வி கேட்போம்: இதை அவர் யாரிடம், எங்கே வைத்துச் சொன்னார்?