பாப்பி மலரும் பூவரசம்பூவும்

கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த என்னும் தேயிலைத் தோட்டப் பிரிவின் பெயரை நாடெங்கும் அறியச் செய்தது, 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் சரிந்த மலை. லயங்கள் மண்ணுள் மறைந்தன. மீட்கப்பெற்ற உடல்கள் சில; மீட்கப்பெறாதன பல. உடலைக் காணாது அழுவோர்க்கு ஆறுதல் கூறுதல் அரிது. ஆதலினாற்றான் ஒரு கல், ஒரு பெயர்ப்பலகை, ஒரு நாள் என ஏதேனும் ஓர் அடையாளத்தை மனிதர் வேண்டி நிற்கின்றனர். இறந்தோருள் எவர்க்கு அவ்வடையாளம் உரியது, எவர்க்கு உரியதன்று என்னும் வழக்கு ஊவா மலைகளுக்குப் புதிதன்று. போருக்குத் தாமாகவே சென்று மடிந்த தொண்டர் படையினரை முன்னிட்டு இந்நாட்டில் அவ்வழக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

மீரியபெத்தவிலிருந்து கொஸ்லந்தைப் பாதையில் மேற்கே சென்று, பெரகலையில் திரும்பி மலையேறினால் அப்புத்தளை, அதற்கப்பால் தியத்தலாவை. 1900ஆம் ஆண்டில் அங்குள்ள புற்றரையில், தென்னாபிரிக்காவிற் பிரித்தானியரோடு பொருது பிடிபட்ட போயர் இனத்தார் ஏறத்தாழ 5,000 பேர் சிறைவைக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் சம்பளப் படையினர் அல்லர். தத்தம் குதிரையோடும் துப்பாக்கியோடும் போருக்கு வந்த உழவர். ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து தாமே விரும்பி வந்து அவரோடு சேர்ந்தோரும் அவ்விடம் இருந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் குடற்காய்ச்சல் முதலிய நோய்களால் ஊர் திரும்பாமலே இறந்து, தியத்தலாவை மண்ணிற் புதைக்கப்பட்டனர். அதே ஆண்டின் தொடக்கத்திலே, அவர்களை எதிர்த்துப் பொருதற்கென இலங்கைத் தோட்டத் துரைமார் அடங்கிய குதிரைப்படை ஒன்று கொழும்பிலிருந்து தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறியிருந்தது என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். இரு சாராரும் தாமாக வந்த வீரரே.

போர் முடிந்தபின் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தோர் தாயகம் அனுப்பப்பட்டனர். எங்கல்பிரெக்ற் என்னும் ஒருவர் அதற்கு இறுதிவரை இணங்கினாரில்லை. இலங்கையிலேயே தங்கி, யால வனத்தின் காவலராகப் பணிபுரிந்து, 1922இல் இறந்தார். எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலுக்கு இறைச்சி வழங்கினார் என்னும் பழியும் அவர்மீது சுமத்தப்பட்டது. அது மெய்ப்பிக்கப்படவில்லை. தோற்ற பக்கத்து வீரனை ஐயுறுவது வென்றோர்க்கு எளிது.

முதலாவது உலகப் போர் மூண்டபோது துரைமாரின் முறை மீண்டும் வந்தது. 1900இல் அமைக்கப்பெற்ற தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படையில் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். 1914ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மேஜர் ஹோல் பிரவுன் தலைமையில் அப்படையின் 8 அதிகாரிகளும் 229 வீரரும் எகிப்துக்குப் புறப்பட்டனர். 1915 ஏப்ரல் 25ஆம் நாள் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் கலிப்பொலிக் கரையில் இறங்கியபோது, இவர்களும் அவற்றோடு சென்று ஜெனரல் பேர்ட்வுட்டின் மெய்காவலராயிருந்தனர். பின்னர்ப் பலர் அதிகாரிப் பதவி பெற்று வெவ்வேறு பிரித்தானியப் படைப்பிரிவுகளுக்குப் பிரிந்து சென்றனர். போரில் உயிர்நீத்தோர் ஏறத்தாழ 80 பேர்.

மலைநாட்டு ஐரோப்பியச் சமூகம் சிறியது. துரைமார் ஒருவரை ஒருவர் அறிவர். கிளப்பில் ஒன்றாக இருந்தோர், ஒரே தேவாலயத்தில் மண்டியிட்டோர். ஆதலின் ஒவ்வொரு மரணமும் அவர்களுக்கு வீட்டு மரணமாயிற்று. தேவாலயச் சுவர்களிற் பெயர் பொறித்த பலகைகள் எழுந்தன. கொழும்பு காலிமுகத்திடலில், லட்யன்ஸ் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்த வெற்றித்தூண் 1923இல் திறந்துவைக்கப்பட்டது. அத்துயரைப் பொய்யென்று எவரும் கூறார். ஆயினும் அதே தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர்க்கு அத்துயரிற் பங்கு இருந்ததில்லை. அவர்கள் அப்படையிற் சேர இயலாதவர்கள். சென்ற துரையின் இடத்துக்கு வேறொரு துரை வந்தார். விடியற்காலையிற் பிரட்டுக்களத்துத் தப்பு வழக்கம்போல் ஒலித்தது. அவர்கள் கொய்த கொழுந்து பிரித்தானியப் படைவீரனின் தேநீராயிற்று.

இந்நாட்டில் அப்போது கட்டாயப் படைச்சேர்க்கை இல்லை. சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகிய இலங்கை இளைஞர் சிலர் தம் சொந்தச் செலவில் இங்கிலாந்து சென்று படையிற் சேர்ந்தனர். இலங்கையிற் பிறந்த ஆங்கிலேயரான பசில் ஹோஸ்ஃபோல், 1918 மார்ச் 27ஆம் நாள் பிரான்சிற் பொருது மாண்டு விக்டோரியா விருது பெற்றார். அவர் உடலும் கிடைக்கவில்லை. அராஸ் நினைவுச்சின்னத்துக் கல்லிற் பெயர் மட்டும் உளது.

ஆனால் அப்போரின்போது இலங்கை மக்களின் உள்ளத்தைக் கலக்கிய தொண்டர்படை வீரனின் மரணம் பிரான்சிலும் நிகழவில்லை, கலிப்பொலியிலும் நிகழவில்லை. அது வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்தது. எட்வர்ட் ஹென்றி பெத்ரிஸ், செல்வம் மிக்க வணிகக் குடும்பத்து இளைஞர்; கொழும்பு நகரக் காவற்படை என்னும் தொண்டர் படையிற் சிப்பாயாகச் சேர்ந்து விரைவிலே கப்டன் ஆனவர். 1915 மே மாத இறுதியில் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலவரம் மூண்டது. யூன் மாதத் தொடக்கத்தில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. பெத்ரிஸ் மீது இராசத்துரோகக் குற்றம் சுமத்தி இராணுவ நீதிமன்று விசாரித்தது. யூலை 7ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயதும் நிரம்பவில்லை.

தேசாதிபதியாயிருந்தவர் சேர் றொபேட் சாமர்ஸ். பாளி மொழியிற் பெரும்புலமை வாய்ந்தவர். பௌத்த நூல்களை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். பெத்ரிஸ் கொல்லப்படுவதற்கு முந்திய மே மாதத்திலேதான் அவர் தம் புதல்வர் இருவரையும் ஐரோப்பியப் போர்க்களத்தில் இழந்திருந்தார். இரு மைந்தரைப் பறிகொடுத்த தந்தை, இன்னொரு தந்தையின் மைந்தனுக்காக எழுந்த வேண்டுகோள்களுக்கு இரங்கவில்லை. இதனைக் கொடுமை என்பதா, துயரத்தால் மனம் மரத்துப்போன நிலை என்பதா? வரலாற்றாசிரியர் பலர் ஆட்சியின் அச்சத்தையே காரணமாகக் காட்டுவர். பேரரசு போரில் ஈடுபட்டிருந்த வேளையில், படைக்கலம் ஏந்திய சுதேசி ஒருவன் ஐயத்துக்கு ஆளானதே போதுமாயிருந்தது.

மக்களின் சினத்துக்குக் குரல் கொடுத்தவர் தமிழரான சேர் பொன்னம்பலம் இராமநாதன். சட்டநிரூபண சபையிற் பேசியதோடு அமையாது, போர்க்காலக் கடற்பயணத்தின் ஆபத்தையும் பொருட்படுத்தாது இலண்டன் சென்று வாதாடினார். 1916இல் இராணுவச் சட்டக் கொடுமைகளைத் தொகுத்து நூலும் வெளியிட்டார். அவர் திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்ற செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அக்கலவரத்தில் உயிரையும் கடையையும் இழந்த முஸ்லிம்களுக்கு அக்காட்சி மகிழ்ச்சி தரவில்லை என்பது அத்துணை பரவலாகச் சொல்லப்படுவதில்லை. அதனையும் சொல்லுதல் நேர்மையாகும். பெத்ரிஸின் தந்தை மைந்தன் நினைவாகக் கொழும்பு ஹவ்லொக் நகரில் இசிபத்தனாராமய என்னும் விகாரையை எழுப்பினார். அரசு கல் நாட்டாத இடத்திற் குடும்பமே கல் நாட்டிற்று.

போர் ஓய்ந்தது. 1921 முதல் பிரித்தானியாவில் நவம்பர் 11ஆம் நாள் செந்நிறப் பாப்பி மலர் அணியும் வழக்கம் பரவி, இலங்கைக்கும் வந்தது. மலர் விற்ற பணத்திற் பெரும்பகுதி இங்கிலாந்து சென்றது. போரிற் பணிபுரிந்த இலங்கையர்க்குக் கிட்டியது சிறிதே. இது தகாது என்று, முன்னாட் படைவீரர் சங்கத்தைச் சார்ந்த ஏலியன் பெரேரா 1931இல் பூவரசம்பூவை விற்கும் முயற்சியைத் தொடங்கினார். சிங்களத்திற் சூரிய மல் எனப்படுவது நம்மவர் பூவரசம்பூவே. மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது செம்மை பாயும் பூ. முதலில் அது பங்கு கேட்கும் பூவாகவே இருந்தது. தாமாகப் போருக்குப் போனவன் திரும்பி வந்து வறுமையில் வாட, அவன் பெயராற் சேர்த்த பணம் கடல் கடப்பதா என்பதே வினா.

1933இல் கொழும்புத் தெற்கு வாலிபர் சங்கத்தார் அதனை ஏற்றபோது வினாவே மாறிற்று. ஏகாதிபத்தியப் போருக்கு மலர் எதற்கு என்று கேட்கத் தொடங்கினர். ஆனந்த பாலிகா வித்தியாலயத்தின் அதிபரும் ஆங்கிலப் பெண்மணியுமான டொரீன் யங் இவ்வியக்கத்தின் தலைவியானார். மலர்களின் போர் என்னும் பொருள்பட அவர் தலைப்பிட்டெழுதிய கட்டுரை பெரும் வாதத்தைக் கிளப்பிற்று. இறந்தோரை இகழ்கின்றனர் என்று எதிர்த்தோர் கூறினர். அக்குற்றச்சாட்டை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. மைந்தனைக் கலிப்பொலியில் இழந்த தாய்க்குப் பாப்பி மலர் அரசியலன்று. எனினும் அம்மலரை அணியாதோனை நன்றியற்றவன் என்று ஆள்வோர் நோக்கியதனாலேயே அது அரசியலாயிற்று.

பூவரசம்பூ விற்ற பணத்தில் ஒரு பகுதி, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுமி ஒருத்தியின் கல்விக்குச் சென்றது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனபோது, இவ்வியக்கத்தார் கேகாலைப் பகுதிக் கிராமங்களில் மருந்தும் உணவும் சுமந்து திரிந்தனர். போரிற் செத்தோர்க்கான மலர் நோயிற் சாவோர்க்கு உதவியது. அவ்விளைஞரே 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சியை நிறுவினர். அவர்தம் தொழிற்சங்கம் பின்னர்த் தோட்டங்களுள்ளும் புகுந்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானான்; அவ்வாண்டிலேயே பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் ஊவாவை உலுக்கிய வேலைநிறுத்தம் நடைபெற்றது. பாப்பி மலரிற் பங்கில்லாதிருந்த லயத்துக்காரர், பூவரசம்பூவின் வழியாக நாட்டின் பொதுவாழ்வினுள் வந்தனர் எனலாம்.

இரண்டாம் உலகப் போரில் மக்கள் துயருறுதற்கும் இடம் கொடுக்கப்படவில்லை. 1942 மே மாதத்திற் கொக்கோசுத் தீவிலே, இலங்கைக் காவற் பீரங்கிப் படையின் தொண்டர் சிலர் கலகம் செய்தனர். கிராஷன் பெர்னாண்டோ, கார்லோ கவுடர், பெனி டீ சில்வா ஆகிய மூவரும் ஆகஸ்ட் மாதத்தில் வெலிக்கடையிற் தூக்கிலிடப்பட்டனர். அப்போரிற் கலகத்துக்காக மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயப் படையினர் இவர்கள் மூவரே. பெத்ரிஸுக்கு எழுந்த முறையீடு இவர்களுக்கு எழவில்லை; போர்க்காலத் தணிக்கை செய்தியை மூடியிருந்தது. மக்கள் அறியாத மரணத்துக்கு மலர் எங்ஙனம் சூட்டுவர்?

ஏறக்குறைய அதே காலத்தில், கடலுக்கப்பால் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகச் சென்று சுபாஸ் சந்திர போசின் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். ஊவாத் தோட்டத்தவரைப் போலவே அவர்களும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்டோரின் வழியினர். பெண்களுக்கென ஜான்சி ராணிப் படையும் இருந்தது. 1944இல் இம்பால் போர்முனையிலும் பின்வாங்கிய வழியிலும் பசியாலும் நோயாலும் மடிந்தோர் மிகப் பலர். 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் அதிகாரிகள் மூவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டபோது இந்தியாவே கொதித்தெழுந்தது. அம்மூவரின் பெயரும் வீடுதோறும் பேசப்பட்டன. பர்மாக் காட்டில் மாண்ட பால்வெட்டுத் தொழிலாளியின் பெயரை வீடுதோறும் பேசியோர் இலர்.

அவர்களுக்காக ஒரு கல் நாட்டப்பட்டது உண்மை. 1945 யூலை 8ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரையில், பெயரறியா வீரருக்கான நினைவுச்சின்னத்துக்குப் போஸ் அடிக்கல் இட்டார். செப்டம்பரில் மீண்டு வந்த பிரித்தானியர் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். கொழும்பு வெற்றித்தூணுக்கும் அப்போரில் இடர் நேர்ந்தது: காலிமுகத்திடலில் உயர்ந்து நின்ற அத்தூண் யப்பானியரின் பீரங்கிக்கு இலக்குக் காட்டிவிடும் என்றஞ்சி, அதனைக் கவனமாகப் பிரித்தெடுத்து, இன்று விகாரமகாதேவிப் பூங்கா எனப்படும் இடத்திலே மீண்டும் நிறுத்தினர். சிங்கப்பூர்ச் சின்னம் இருந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைக்கப்பட்டது 1995இல்.