சுவரில் ஏன் பற்றவில்லை?

தாயில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் என்னைக் கேட்டான்: "சார், தீக்குச்சியைப் பெட்டியிலே உரசினா பத்துது. சுவத்திலே உரசினா ஏன் பத்தலை?" அவன் தாய்க்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அவன் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு காலத்தில் எந்தச் சுவரில் உரசினாலும் பற்றும் குச்சிகள் இருந்தன. அவற்றில் இருந்தது வெள்ளைப் பாஸ்பரஸ். அதன் ஆவி, தொழிலாளிகளின் தாடை எலும்பையே அரித்துவிட்டது. 1855-ல் ஸ்வீடன் தேசத்து லுண்ட்ஸ்ட்ராம் சகோதரர்கள் வேறு வழி காட்டினார்கள். விஷமற்ற சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்தில் பூசினார்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் மருந்தை வைத்தார்கள். உரசும் கணத்தில்தான் இரண்டும் சந்திக்கின்றன. சுவரில் பாஸ்பரஸ் இல்லை; ஆகவே தீயும் இல்லை. இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சிகளை 1913-ம் வருஷத்துச் சட்டம் தடை செய்தது.

1920-களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்று வந்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்கிறது. அதனால் இந்தக் கரிசல் பூமியில் மழை குறைவு. பயிரை வாட்டிய அந்த வறட்சியே, மருந்து நமத்துப் போகாமல் உலர உதவிற்று.

ஆனால் அந்த இரண்டு மருந்தும் தவறி ஒன்றாய்க் கலந்துவிட்டால், லேசாக உராய்ந்தாலே வெடிக்கும். குச்சிக்கும் பெட்டிக்கும் நடுவே விட்ட இடைவெளிதான் உயிருக்குக் காவல்.

பையன் யோசித்தான். "எங்க அம்மாகிட்டே இதை யாராவது சொல்லியிருப்பாங்களா, சார்?" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.