வெள்ளி சென்ற வழியும் வழிகாட்டியவர்களும்

பனாமா என்ற பெயரைக் கேட்டதும் நமக்குக் கால்வாய்தான் நினைவுக்கு வருகிறது. 1914இல் திறக்கப்பட்ட அந்தக் கால்வாய்க்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முன்பே, அந்தப் பூசந்தியின் மழைக்காட்டை ஊடறுத்து ஒரு பெருவழி சென்றது. ஸ்பானியர் அதற்கு ‘கமினோ ரெயால்’, அதாவது அரச பாதை என்று பெயரிட்டனர். இன்று அவ்வழியின் எஞ்சிய தடங்களில் பயணிகள் வழிகாட்டிகளுடன் நடந்து செல்கின்றனர். அப்பாதையைப் பற்றிய நூல்களைப் புரட்டினால் மன்னர்களின் பெயர்கள் வருகின்றன. கொள்ளையர்களான டிரேக், மார்கன் ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. அவர்களுக்கு வழி காட்டியவர்கள் யார் என்னும் வினாவை நாம் அதிகம் எழுப்புவதில்லை. இக்கட்டுரை அவ்வினாவைப் பின்தொடர்கிறது.

முதலில் பாதையைப் பார்ப்போம். கரீபியக் கடலோரத்தில் நோம்ப்ரே தெ தியோஸ் என்னும் குடியிருப்பு 1510இல் தோன்றியது. பசிபிக் கரையில் பனாமா நகரம் 1519இல் நிறுவப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்ததே அரச பாதை. பசிபிக் கரையிலிருந்து வடக்கே சென்று, சாக்ரெஸ் ஆற்றைக் கடந்து, பொக்கெரோன் ஆற்றை ஒட்டி மேலேறி, நீர்பிரி மேட்டைத் தாண்டி அட்லாண்டிக் பக்கம் இறங்கும் வழி அது. இரண்டாவது வழி ஒன்றும் இருந்தது. பனாமா நகரிலிருந்து காட்டுவழியே சாக்ரெஸ் ஆற்றங்கரையிலுள்ள குரூசெஸ் என்னும் சத்திரத்தை அடைந்து, அங்கிருந்து படகில் கடல்வரை செல்வது. இதற்குக் குரூசெஸ் பாதை என்று பெயர். பாரமான சரக்குகள் பெரும்பாலும் ஆற்றுவழியில் சென்றன. வெள்ளியோ, கடற்கொள்ளையர் நடமாடும் ஆற்றுமுகத்தைத் தவிர்த்துத் தரைவழியையே நாடியது.

1545இல் பொத்தோசி மலையில் வெள்ளிச் சுரங்கம் கண்டறியப்பட்டபின் இந்தக் குறுகிய நிலம் உலக வணிகத்தின் தொண்டைக்குழியாயிற்று. பெருவின் வெள்ளி கப்பலில் பனாமா நகருக்கு வந்தது. அங்கிருந்து கோவேறு கழுதைகளின் முதுகில் ஏறிக் காட்டைக் கடந்தது. மறுகரையில் ஸ்பெயினுக்குச் செல்லும் கப்பல்களில் ஏறியது. நோம்ப்ரே தெ தியோஸ் துறைமுகம் காக்க இயலாததாக இருந்தமையால் 1597இல் போர்த்தொபெலோ அதன் இடத்தைப் பெற்றது. அங்கு நடந்த சந்தையை 1637இல் நேரில் கண்ட தாமஸ் கேஜ் என்னும் ஆங்கிலேயத் துறவி, ஒரே நாளில் வெள்ளி மட்டும் சுமந்துவந்த 200 கோவேறு கழுதைகளை எண்ணியதாகவும், வெள்ளிக் கட்டிகள் வீதியில் கற்குவியல்போலக் கிடந்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார்.

வணிகச் சாத்துகளின் பெருவழி நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. மிளகுப்பொதி சுமந்து முதுகில் தழும்பேறிய கழுதைகளையும், சுங்கம் தண்டும் காவலரையும் பெரும்பாணாற்றுப்படை நமக்குக் காட்டுகிறது. பனாமாவின் பெருவழியிலும் சுமைவிலங்கு உண்டு, சுங்கம் உண்டு, காவல் உண்டு. ஆனால் இங்கே விலங்கை ஓட்டியவனே ஒரு விலைப்பொருளாக இருந்தான்.

பூசந்தியின் பழங்குடிகளான குவேவா மொழி பேசியோர் போராலும் நோயாலும் அடிமைப் பணியாலும் சில பத்தாண்டுகளுக்குள் ஏறக்குறைய முற்றிலும் அழிந்துபோயினர். அந்த வெறுமையை நிரப்ப ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டனர். கழுதைகளை ஓட்டியதும், சாக்ரெஸ் ஆற்றில் படகு வலித்ததும், மழைக்குப்பின் பாதையை அடைக்கும் கொடிகளை வெட்டியதும் அவர்களே. அவர்களுள் பலர் தப்பிக் காட்டுக்குள் சென்று ஊர்களை அமைத்துக்கொண்டனர். ஸ்பானியர் அவர்களைச் ‘சிமரோன்கள்’ என்று அழைத்தனர். அவர்களின் தலைவர்களுள் ஒருவரான பயானோ 1550களில் ஸ்பானிய ஆட்சியை நடுங்கவைத்து, இறுதியில் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டார். இன்றும் கிழக்குப் பனாமாவில் ஓர் ஆறும் ஏரியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

இனி டிரேக்கின் கதைக்கு வருவோம். 1572 ஜூலையில் பிரான்சிஸ் டிரேக் நோம்ப்ரே தெ தியோஸைத் தாக்கினார். காயம்பட்டு, வெறுங்கையுடன் திரும்பினார். அந்த இரவில் தியெகோ என்னும் ஆப்பிரிக்கர் ஸ்பானியரிடமிருந்து தப்பி வந்து அவருடைய கப்பலில் சேர்ந்துகொண்டார். தியெகோவின் வழியாகவே டிரேக்குக்குச் சிமரோன்களின் நட்பு வாய்த்தது. வெள்ளி எப்போது நகரும், எந்தப் பருவத்தில் தரைவழியே வரும், எங்கே மறைந்திருக்கலாம் என்பன அவர்கள் அறிந்த செய்திகள்.

1573 பிப்ரவரியில் டிரேக்கின் குழு காட்டுக்குள் புறப்பட்டது. மொத்தம் 48 பேர். அவர்களுள் ஆங்கிலேயர் 18 பேர் மட்டுமே. மற்ற 30 பேரும் சிமரோன்கள். டிரேக்கின் குடும்பத்தார் 1626இல் அச்சிட்டு வெளியிட்ட பயண விவரத்திலேயே அந்த நடையின் ஒழுங்கு பதிவாகியிருக்கிறது. வழியை நன்கறிந்த நான்கு சிமரோன்கள் ஏறக்குறைய ஒரு மைல் முன்னே சென்றனர். பின்வருவோருக்கு அடையாளமாக மரக்கிளைகளை ஒடித்துக்கொண்டே போனார்கள். எல்லோரும் பேசாமல் நடக்கவேண்டும் என்று கட்டளையிட்டவர்களும் அவர்களே. உணவைச் சுமந்ததும், வழியில் வேட்டையாடியதும், மாலைதோறும் மரக்கால் நட்டு இலைக்கூரை வேய்ந்து குடில் அமைத்ததும் அவர்கள்தாம். இன்றைய சுற்றுலாக் கையேட்டில் ‘வழிகாட்டியுடன் மழைக்காட்டு நடைப்பயணம்’ என்று எழுதப்படுவதன் எல்லாக் கூறுகளும் அந்த விவரத்தில் அப்படியே உள்ளன.

அதே மாதம் 11ஆம் நாள் நீர்பிரி மேட்டில் ஓர் உயர்ந்த மரத்தினருகே பெத்ரோ என்னும் சிமரோன் தலைவர் டிரேக்கின் கையைப் பற்றி அழைத்துச் சென்றார். அம்மரத்தில் ஏறுவதற்குப் படிகள் வெட்டப்பட்டிருந்தன. உச்சியில் பத்துப்பன்னிரண்டு பேர் அமரத்தக்க பரண் இருந்தது. அதன்மேல் நின்றால் இரு கடல்களையும் காணலாம். அங்கிருந்துதான் டிரேக் முதன்முதலாகப் பசிபிக் பெருங்கடலைப் பார்த்தார். அக்கடலில் ஓர் ஆங்கிலக் கப்பலைச் செலுத்தவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ஆங்கிலேய வரலாறு அந்தக் காட்சியை அவருடைய உலகப் பயணத்தின் விதையாகக் கொண்டாடுகிறது. ஆனால் படிகளை வெட்டியவர்களும் பரணைக் கட்டியவர்களும் அந்தக் கடலை ஏற்கெனவே நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். டிரேக்குக்குக் கண்டுபிடிப்பாக இருந்தது, பெத்ரோவுக்குக் காவல்பணி.

குரூசெஸ் அருகே நிகழ்ந்த முதல் மறைந்திருந்து தாக்கும் முயற்சி தோற்றது. சில வாரங்களுக்குப்பின், பிரெஞ்சு மாலுமியும் நிலப்படம் வரைவதில் வல்லவருமான கிய்யோம் லெ தெஸ்தூவும் உடன்சேர, நோம்ப்ரே தெ தியோஸுக்குச் சற்று முன்பாக மூன்று கழுதைச் சாத்துகள் மடக்கப்பட்டன. மொத்தம் 190 கழுதைகள். அவை சுமந்துவந்த வெள்ளி 30 டன்னுக்குச் சற்றே குறைவு என்று அந்த விவரம் கணக்கிடுகிறது. தூக்கிச்செல்ல இயலாமல் பாதியை மண்ணில் புதைத்தனர். காயமுற்ற லெ தெஸ்தூ ஸ்பானியரிடம் சிக்கி உயிரிழந்தார்.

டிரேக் பிளிமத்துக்குச் செல்வராகத் திரும்பினார். சிமரோன்கள் காட்டிலேயே இருந்தனர்; அடுத்த ஆண்டுகளில் ஸ்பானியப் படை அவர்களுடைய ஊர்களைத் தேடி எரித்தது. முற்றிலும் அடக்க முடியாமையால் 1579இல் ஒரு பிரிவினருடன் உடன்படிக்கை செய்து, அவர்களைச் சுதந்திர மனிதர்களாக ஏற்று, நோம்ப்ரே தெ தியோஸ் அருகே குடியமர்த்தியது. அமெரிக்க நிலப்பரப்பில் தப்பிய அடிமைகள் ஓர் ஐரோப்பிய அரசிடம் பெற்ற மிகப் பழைய உரிமை ஒப்பந்தங்களுள் அதுவும் ஒன்று. டிரேக்குடன் உலகப் பயணத்துக்குப் புறப்பட்ட தியெகோ பயணம் முடியுமுன் இறந்துபோனார்.

இக்கதையில் நமக்கென்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். செவில் நகரை அடைந்த வெள்ளி அங்கேயே தங்கிவிடவில்லை. நாணயங்களாகி ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் சென்றது. கிழக்கிந்திய நிறுவனங்களின் பெட்டிகளில் ஏறிச் சோழமண்டலக் கரைக்கு வந்தது. பழவேற்காட்டிலும் சென்னையிலும் நம் நெசவாளர்களின் துணியை வாங்க அந்நிறுவனங்களிடம் இங்கே விலைபோகும் சரக்கு வேறு அதிகமில்லை, வெள்ளிதான் இருந்தது. பனாமாக் காட்டின் சேற்றில் நடந்த கழுதைகளின் சுமையில் ஒரு பங்கு நம் ஊர்த் தறிகளின் அருகே வந்து இறங்கியது என்பது மிகையில்லை.

பாதையின் பிற்காலத்தைச் சுருங்கச் சொல்லலாம். 1671இல் ஹென்றி மார்கன் சாக்ரெஸ் ஆற்றுவழியே மேலேறி, காட்டைக் கடந்து பனாமா நகரைச் சூறையாடினார். அழிந்த நகரை விட்டு 1673இல் புதிய நகரம் வேறிடத்தில் எழுந்தது. 1739இல் ஆங்கிலேயத் தளபதி வெர்னன் போர்த்தொபெலோவைக் கைப்பற்றியபின், பெருவின் வணிகம் தென்முனையைச் சுற்றிச் செல்லும் கப்பல்களுக்கு மாறிற்று. கலிபோர்னியாவில் பொன் கிடைத்த செய்தி பரவியதும், 1849 முதல் சில ஆண்டுகள் குரூசெஸ் பாதை மீண்டும் நிரம்பியது. 1855இல் இருப்புப்பாதை கரையோடு கரையை இணைத்தது, கழுதைகளுக்கு வேலையில்லாமற்போயிற்று. கால்வாய்க்காக உருவான காத்தூன் ஏரி குரூசெஸ் ஊரை விழுங்கியது. 1935இல் கட்டி முடிக்கப்பட்ட மேடன் அணையின் நீர் அரச பாதையின் ஒரு பகுதியை மூழ்கடித்தது.

பாதையை மூழ்கடித்த அதே கால்வாய்தான் காட்டைக் காத்தது என்பது விந்தை. பழைய மதகுகளின் வழியே ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலக்கிறது. அந்நீரைத் தருவது சாக்ரெஸ் வடிநிலத்தின் மழைக்காடு. ஆகவே 1980இல் சொபெரானியா தேசியப் பூங்காவும், 1980களின் நடுவில் சாக்ரெஸ் தேசியப் பூங்காவும், 1992இல் குரூசெஸ் பாதைப் பூங்காவும் அமைக்கப்பட்டன.

இங்கே வழிகாட்டிகளின் வரலாறு மீண்டும் நம்முன் வருகிறது. சாக்ரெஸ் பூங்காவில் எம்பெரா மக்கள் வாழ்கின்றனர். தாரியன் பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்து ஆற்றங்கரைகளில் குடியேறியவர்கள். பூங்கா அறிவிக்கப்பட்டபின் அவர்களுடைய வேட்டைக்கும் பயிர்த்தொழிலுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. காட்டை அறிந்தவர்களுக்கு அக்காட்டில் எஞ்சிய பிழைப்பு பெரும்பாலும் பயணிகளை வரவேற்பதுதான். மரத்தைக் குடைந்த தோணியில் ஏரியைக் கடத்துவதும், வழி காட்டுவதும், கைவினைப் பொருட்களை விற்பதும் அவர்கள் வாழ்வாயிற்று. நடைப்பயணி தரும் கூலி அவர்களுக்கு அன்பளிப்பன்று. இழந்த வயலுக்கும் வேட்டைக்கும் ஈடாக வந்து சேர்ந்த வருவாய்.

பாதையின் மறுமுனையில், போர்த்தொபெலோவை ஒட்டிய கடற்கரை ஊர்களில் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் ‘கொங்கோ’ என்னும் விழாவை நடத்துகின்றனர். தப்பியோடிய முன்னோரின் கதையை ஆடியும் பாடியும், ஸ்பானிய ஆண்டைகளை எள்ளியும், சொற்களைத் திருப்பிப்போட்டுப் பேசியும் நிகழும் விழா அது. 2018இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் உருவமில்லாப் பண்பாட்டு மரபாக ஏற்றது. 2025இல் குரூசெஸ் பாதையின் பகுதிகள் உள்ளிட்ட பூசந்திப் பெருவழி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லுக்கும் கோட்டைக்கும் கிடைத்த மதிப்பு பெத்ரோவுக்கும் தியெகோவுக்கும் கிடைக்கவேண்டுமாயின், பாதையில் நிற்கும் பலகைகளில் அவர்கள் பெயரும் எழுதப்படவேண்டும்.

குரூசெஸ் பாதையில் கழுதைக் குளம்புகள் பட்டுத் தேய்ந்த குழிகளைப் பாறைகளில் இன்றும் காட்டுகிறார்கள். முன்னே சென்று கிளை ஒடித்தவர்களின் தடம் அப்படி நிற்பதில்லை; ஒடித்த இடத்தில் அடுத்த மழைக்கே தளிர் விட்டுவிடும். அவர்கள் நடந்தார்கள் என்பதற்கு எஞ்சியிருப்பது, அவர்களைப் பின்தொடர்ந்தவர்கள் எழுதிவைத்த சில வரிகளே. அவ்வரிகளையேனும் நாம் நின்று படிக்கலாம்.