தாய்ப்பலகையும் அதன் வாசல்களும்

அபிராமபுரத்தில் வசிக்கும் மொழிபெயர்ப்பாள நண்பர் ஒருவர், தம் மேசைக் கணினிக்கு எந்த மதர்போர்டு வாங்கலாம் என்று கேட்டிருந்தார். வேகமான போர்ட்கள் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய பொருட்களும் அதனோடு பொருந்த வேண்டும். கடைக்காரராக இருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை சொல்லியிருப்பார். ஆனால் இவ்விரண்டு விருப்பங்களும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. அந்த வழக்கில் தமிழ் எழுத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று தோன்றியது.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் தனிக்கணினியை வெளியிட்டபோது அதன் தாய்ப்பலகையில் ஐந்து ஸ்லாட்கள் இருந்தன. திரைக்கு ஒரு கார்டு, நெகிழ்வட்டுக்கு ஒரு கார்டு என்று அவற்றில் செருகிக்கொள்ள வேண்டும். அந்த நிறுவனம் மின்சுற்றின் வரைபடங்களையும், 'பயாஸ்' எனப்படும் தொடக்க நிரலின் வரிகளையும்கூடத் தொழில்நுட்பக் கையேடாக அச்சிட்டு விற்றது. ஆகவே அந்த ஸ்லாட்டில் பொருந்தும் கார்டை எவரும் செய்ய முடிந்தது. பயாஸ் மட்டும் பதிப்புரிமைக்கு உட்பட்டிருந்தது. காம்பேக் நிறுவனம் அதற்கும் வழி கண்டது. ஒரு குழு அந்த நிரல் என்னென்ன செய்கிறது என்று குறிப்பெடுக்க, மூல நிரலைக் கண்ணாலும் பாராத இன்னொரு குழு அக்குறிப்பிலிருந்து புதிதாக எழுதியது. 1983இல் அவர்களுடைய கணினி விற்பனைக்கு வந்தது. 'கம்பாட்டிபிள்' என்ற சொல் கணினி விளம்பரங்களில் குடியேறியது அந்த ஆண்டுகளில்தான்.

1984இல் வந்த 'ஏ.டி.' கணினியில் ஐ.பி.எம். பழைய ஸ்லாட்டின் நீளத்தை மட்டும் கூட்டியது. முந்தைய கார்டுகள் பெரும்பாலும் அதிலேயே பொருந்தின. ஆனால் 1987இல் மைக்ரோ சேனல் என்ற புதிய ஸ்லாட்டைக் கொண்டுவந்தது. பொறியியல் நோக்கில் அது மேலானது, வேகமானது. எனினும் பழைய கார்டு எதுவும் அதில் நுழையாது. பிறர் அதைப் பயன்படுத்த உரிமத்தொகை தர வேண்டும். அடுத்த ஆண்டு காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் கூடி 'ஈசா' என்ற மாற்று ஸ்லாட்டை அறிவித்தன. ஒரே துளையில் இரண்டு ஆழங்கள்: பழைய கார்டு மேல்வரிசையோடு நின்றுகொள்ளும், புதிய கார்டு கீழ்வரிசை வரை இறங்கும். அதுவரை தனிப்பெயர் இல்லாதிருந்த பழைய ஸ்லாட்டுக்கு 'ஐ.எஸ்.ஏ.' என்ற பெயர் வழங்கலானதும் அப்போதுதான். மைக்ரோ சேனல் சில ஆண்டுகளில் மறைந்தது. ஐ.எஸ்.ஏ.யோ, 1992இல் இன்டெல் கொண்டுவந்த பி.சி.ஐ. ஸ்லாட்டின் பக்கத்திலேயே 1990களின் இறுதிவரை நீடித்தது.

இந்தியாவுக்கு இந்தக் கதை வேறு வழியாக வந்து சேர்ந்தது. ஐ.பி.எம். 1978இலேயே இங்கிருந்து வெளியேறியிருந்தது. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது இங்கே பரவியவை பெரும்பாலும் அந்த வரைபடத்தின் வழிவந்த 'கம்பாட்டிபிள்' கணினிகளே. சென்னையின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் 'சிவா பிசி' என்ற பெயரில் மலிவு விலைக் கணினிகளை விற்றது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் வானொலி உதிரிபாகங்கள் விற்றுவந்த வணிகத்தோடு கணினி உதிரிபாகங்களும் சேர்ந்துகொண்டன. ஒரு கடையில் பலகை, அடுத்த கடையில் நினைவகம், எதிர்க்கடையில் பெட்டி என்று வாங்கி, ஓர் இளைஞரைக் கொண்டு கூட்டிப் பூட்டும் 'அசெம்பிள்டு' கணினி நம் நடுத்தர வர்க்கத்தின் கணினியாயிற்று. துளைகளின் அளவு ஊரறிந்த பொதுச்சொத்தாக இருந்ததால்தான் அப்படியொரு தெரு பிழைத்தது.

இந்திய எழுத்துகளும் அந்தப் பொதுத்துளை வழியாகவே தனிக்கணினிக்குள் நுழைந்தன. ஐ.ஐ.டி. கான்பூரில் 1980களில் நடந்த ஆய்வின் தொடர்ச்சியாக, 1988இல் புனேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனம் 'ஜிஸ்ட்' என்ற கார்டை உருவாக்கியது. தாய்ப்பலகையின் ஸ்லாட்டில் அதைச் செருகினால், ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட வேர்ட்ஸ்டார், டிபேஸ் போன்ற டாஸ் நிரல்களில் தமிழையும் தேவநாகரியையும் காட்ட முடிந்தது. அதன் எழுத்துக் குறியீடான 'இஸ்கி' 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தால் வெளியிடப்பட்டது. பின்னர் விண்டோஸ் வந்து டாஸை ஓரங்கட்டியது. இன்டெலும் மைக்ரோசாஃப்டும் 1999ஆம் ஆண்டுக் கணினிகளுக்கு வகுத்த நெறிமுறை ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டை விலக்கச் சொன்னது. ஜிஸ்ட் கார்டுக்கு உட்கார இடம் இல்லாமல் போயிற்று. ஆனால் அதன் எழுத்துக் குறியீடு பிழைத்துக்கொண்டது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட கட்டம் 1988ஆம் ஆண்டு இஸ்கியின் வரிசையை அடியொற்றியே அமைக்கப்பட்டது.

இதற்கு மறுதலையான கதை நம் அச்சகங்களில் நடந்தது. இந்திய மொழிப் பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் பலவும் 'டாங்கிள்' என்ற பூட்டோடு வந்தன. கணினியின் பின்புறம் அச்சுப்பொறிக்கான 25 முள் பேரலல் போர்ட்டில் அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி எழுத்துக் குறியீடு. பல குறியீடுகளின் அட்டவணை வெளியிடப்படவும் இல்லை. பேரலல் போர்ட் பலகைகளிலிருந்து மறையத் தொடங்கியபோது, தொண்ணூறுகளில் தட்டச்சு செய்த நாவல்களும் சிற்றிதழ்களும் பூட்டிய அறைக்குள் சிக்கிக்கொண்டன. வட்டில் கோப்பு இருக்கிறது, வாசிக்கத்தான் வழியில்லை.

துளைகள் பெருகிக் குழம்பிய நிலையை மாற்ற வந்ததுதான் யூ.எஸ்.பி. 1994இல் ஏழு நிறுவனங்கள் கூடித் தொடங்கிய அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவர் இன்டெலின் அஜய் பட், வடோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வீட்டில் ஓர் அச்சுப்பொறியை இணைக்கவே நிபுணர் வேண்டியிருந்த நிலைதான் தம்மைத் தூண்டியது என்று அவர் கூறியிருக்கிறார். 1996 ஜனவரியில் வெளியான முதல் வடிவம் நொடிக்கு 12 மெகாபிட் வரை கடத்தியது. 1998இல் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, யூ.எஸ்.பி. வழியே ஸ்கேனரை இணைத்ததும் விண்டோஸ் 98 நீலத்திரையாகிச் செயலிழந்தது, அரங்கம் சிரித்தது. ஆனால் உரிமத்தொகை இல்லாமல் எவரும் செயல்படுத்தலாம் என்ற ஏற்பாடு யூ.எஸ்.பி.யைக் காப்பாற்றியது. 2000இல் 480 மெகாபிட், 2008இல் 5 கிகாபிட் என்று வேகம் வளர்ந்தபோதும் பழைய செருகி புதிய துளையில் வேலை செய்தது.

பிறகு குழப்பம் வேறு வேடத்தில் திரும்பியது. 2008இல் 3.0 என்று அறியப்பட்ட அதே 5 கிகாபிட் போர்ட், பின்னாளில் '3.1 ஜென் 1' என்றும் '3.2 ஜென் 1' என்றும் பெயர் மாறியது. 2014இல் வந்த டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்குத்தான் பெயர். அதன் பின்னால் 480 மெகாபிட்டும் இருக்கலாம், 40 கிகாபிட்டும் இருக்கலாம். செயலிகளின் கதையும் இப்படித்தான். 2017இல் இன்டெலின் எட்டாம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் முந்தைய பலகைகளின் அதே 1151 தொடுபுள்ளிகளோடு வந்தன. ஆனால் அந்தப் பலகைகளில் இயங்க மறுத்தன. மாறாக, 2020 மே மாதம் ஏ.எம்.டி. தன் புதிய செயலிகள் 400 வரிசைப் பலகைகளில் இயங்கா என்று அறிவித்து, பயனர்களின் எதிர்ப்பைக் கண்டு அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. துளை பொருந்துவது பாதிதான், மீதி உற்பத்தியாளரின் மனத்தில் இருக்கிறது.

ஆகவே நண்பருக்குச் சொன்னவை எளியவை. பெயர்களை நம்ப வேண்டாம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் 5, 10, 20, 40 கிகாபிட் என்று எண் எழுதியிருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். செயலிப் பட்டியலையும் அதற்குத் தேவையான பயாஸ் பதிப்பையும், நினைவகப் பட்டியலையும் வாங்குமுன் ஒப்பிடுங்கள். எம்.2 ஸ்லாட்டில் வட்டைச் செருகினால் எந்த சாட்டா போர்ட் அணைந்துபோகும் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்கு யூ.எஸ்.பி. மாற்றுக்கம்பி போதும், டாங்கிளை அது பெரும்பாலும் அடையாளம் காணாது. டாங்கிள் வேண்டுமானால் பேரலல் போர்ட்டுக்கான முள்வரிசை உள்ள பலகையைத் தேட வேண்டும். இன்றும் சில மாதிரிகளில் அது உண்டு.

பத்தாண்டு கழித்து அதுவும் இருக்காது. புதிய பலகை வாங்கும் நாள், பழைய கணினியைக் கடைசியாக ஒருமுறை உயிர்ப்பித்து, பூட்டிக் கிடக்கும் எழுத்தையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றி எடுக்க வேண்டிய நாளும்கூட. பலகையை எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம். அச்சேறாமல் நின்றுபோன ஒரு மொழிபெயர்ப்பு ரிச்சி தெருவில் கிடைக்காது.