டர்போவை வீட்டிலேயே ரீபில்ட் பண்ண முடியுமா? - கிட் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா வழக்கமா வர்ற மெல்லிய விசில், அன்னிக்கு ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னாடி ரோடே தெரியலை. அவ்வளவு நீலப் புகை. மேம்பாலம் ஏறவே வண்டி திணறியது. மெக்கானிக் அண்ணன் ஏர் பைப்பைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். "டர்போ காலி தம்பி" என்றார்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கின டீசல் கார். புது டர்போவின் விலை, என் நாலு மாச இ.எம்.ஐ-யைத் தாண்டியது. ராத்திரி முழுக்க யூடியூப் பார்த்ததில், 'ரீபில்ட் கிட்' சில ஆயிரம் ரூபாயில் கிடைக்குதுன்னு தெரிஞ்சது. உடனே ஆர்டர். ஞாயிற்றுக்கிழமை பிரிச்சேன், மாட்டினேன், ஓட்டினேன். அந்தச் சந்தோஷம் 600 கி.மீ வரைக்கும்தான். மறுபடியும் சைரன், மறுபடியும் புகை.

உங்களுக்கும் இதே ஐடியா இருந்தால், ஸ்பானரைத் தொடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கொடுங்க. முதல் தடவை நான் எங்கே கோட்டை விட்டேன்னு சொல்லிடுறேன்.

டர்போ தானா சாகாது

உங்க வீட்டு சீலிங் ஃபேன் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 350 சுற்று சுத்தினால் பெரிய விஷயம். ஒரு சின்ன கார் டர்போவின் ஷாஃப்ட், நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்றுகளையும் தாண்டும். ஷாஃப்ட்டின் ஒரு முனையில் டர்பைன் வீல். சைலன்ஸருக்குப் போக வேண்டிய சூடான புகை இதைத்தான் சுத்த வைக்குது. அந்தப் புகையின் வெப்பம் டீசல் இன்ஜினிலேயே 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும். மறுமுனையில் அலுமினிய கம்ப்ரஸர் வீல். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள்ளே தள்ளுது.

நடுவில் இந்த ஷாஃப்ட்டைத் தாங்குறது என்ன? பெரும்பாலான கார் டர்போக்களில் பால் பேரிங் கிடையாது. ரெண்டு சின்ன வளையம் மாதிரியான பேரிங்குகள், அதைச் சுத்தி ஆயில். அவ்வளவுதான். ஷாஃப்ட் உண்மையில் ஆயிலின் மேல மிதக்குது. அந்த ஆயில் படலம் சில நொடிகள் இல்லாமல் போனால்கூட உலோகமும் உலோகமும் உரசும். அப்புறம் என்ன, சைரன்தான்.

என் முதல் தப்பு இங்கேதான். பேரிங் தேய்ஞ்சிருச்சு, புதுசு போட்டேன். ஆனால் ஏன் தேய்ஞ்சதுன்னு கேட்கவே இல்லை. ரெண்டாவது தடவை மெக்கானிக் அண்ணன், டர்போவுக்கு ஆயில் கொண்டுவர்ற அந்த மெல்லிய பைப்பைக் கழற்றி ஹாக்ஸா பிளேடால குறுக்கே அறுத்துக் காட்டினார். உள்ளே கரி. பால்பாயின்ட் பேனா ரீஃபில்கூட நுழையாத அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம் இருந்தது. எனக்கு முன்னாடி காரை வெச்சிருந்தவர் ஆயிலை ஒழுங்கா மாத்தலை. அந்தப் பாவத்தை ரெண்டு டர்போ சுமந்தது.

இது புதுக் கதையும் இல்லை. 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், உலகத்தின் முதல் டர்போ கார்களில் ஒண்ணு. அதுக்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டேங்க்கில் ஊத்திக்கிட்டே இருக்கணும். பல ஓனர்கள் ஊத்த மறந்தாங்க. பழி டர்போ மேல விழுந்தது.

உண்மையிலேயே டர்போ போச்சா?

ஏர் பைப்பைக் கழற்றினால் கம்ப்ரஸர் வீல் தெரியும். இன்ஜின் நல்லா ஆறின பிறகு அதைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. லேசா ஆடும். பயப்படாதீங்க, ஆயில் நிரம்புறதுக்கான இடைவெளி அது. இதை மட்டும் பார்த்துட்டு டர்போ போச்சுன்னு தீர்ப்பு எழுதுறவங்க உண்டு. நீங்க பார்க்க வேண்டியது, ஷாஃப்ட்டை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும்போது வர்ற ஆட்டம். அது கையில் தெரியவே கூடாது. பொதுவா ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் இருக்கும். 'டக் டக்'னு சத்தம் கேட்குற அளவுக்கு வந்தாலோ, வீலின் நுனி ஹவுஸிங் சுவரில் உரசின தடம் தெரிஞ்சாலோ, ஆமாம், வேலை இருக்கு.

பைப்பின் உள்ளே மெல்லிசா ஆயில் ஈரம் இருக்குறதும் சகஜம். இன்ஜின் ப்ரீதர்ல இருந்து வர்ற ஆவி அது. குட்டையா தேங்கியிருந்தால்தான் சந்தேகம். அப்பவும் டர்போவைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி, ஆயில் சேம்பருக்குத் திரும்புற ரிட்டர்ன் பைப்பையும் ப்ரீதரையும் பாருங்க. டர்போவில் இருக்குறது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய இரும்பு வளையம். ஆயில் கீழே இறங்க வழி இல்லைன்னா, நல்ல டர்போகூட ரெண்டு பக்கமும் கக்கும்.

ஒரு எச்சரிக்கை. புகை கக்கும் டீசல் காரை 'இன்னும் நாலு நாள் ஓட்டலாம்'னு ஓட்டாதீங்க. கசியும் ஆயிலையே எரிபொருளா எடுத்துக்கிட்டு டீசல் இன்ஜின் தானா வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிக்காது. மேனுவல் கியர் வண்டியா இருந்தால், பிரேக்கை முழுசா அழுத்தி, டாப் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டு இன்ஜினை அணைக்கணும். அது முடியலைன்னா எல்லாரும் இறங்கித் தள்ளி நில்லுங்க. அந்த நேரத்தில் ஏர் இன்டேக் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது.

எது வீட்டு வேலை, எது இல்லை?

டர்போவில் ரெண்டு ரகம். ஒண்ணு, அதிகப்படியான புகையை வெளியே விடுற வேஸ்ட்கேட் உள்ள ஃபிக்ஸட் டர்போ. நம்ம ஊரில் ஸ்விஃப்ட், டிசையரில் வந்த 1,248 சிசி டீசல் இன்ஜினின் 75 பிஎஸ் வெர்ஷனில் இருந்தது இதுதான். இதைப் பொறுமை உள்ளவங்க பிரிச்சு மாட்டலாம். இன்னொண்ணு விஜிடி. அதே இன்ஜின் எர்டிகா, சியாஸில் 90 பிஎஸ் கொடுத்தது இதனாலதான். இதன் உள்ளே திரும்பும் சின்னச் சின்ன இறக்கைகள் இருக்கும். அதை எந்த இடத்தில் நிறுத்தணும்னு ஃப்ளோ பெஞ்ச் மெஷினில் வெச்சு செட் பண்ணியிருப்பாங்க. அந்த ஸ்டாப் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினாலே வண்டி குணம் மாறிடும். என்னைக் கேட்டால், விஜிடியை வீட்டில் பிரிக்காதீங்க. வாரன்ட்டியில் இருக்குற டர்போ பெட்ரோல் காரையும் தொடாதீங்க.

ஃபிக்ஸட் டர்போவா? கழற்றினதும் முதல் வேலை, ஹவுஸிங்குகள் ஒண்ணோட ஒண்ணு எந்தக் கோணத்தில் இருந்ததோ அதைக் கோடு கீறி வெச்சுக்குங்க. போட்டோவும் எடுங்க. அப்புறம் கம்ப்ரஸர் வீல், நட்டு, ஷாஃப்ட் முனை மூணையும் சேர்த்து ஓர் அடையாளம். இதை விட்டீங்கன்னா பேலன்ஸ் போச்சு. உத்துப் பார்த்தால் வீலின் பின்பக்கத்திலும் நட்டிலும் லேசா தேய்ச்சு எடுத்த தடம் இருக்கும். பேலன்ஸுக்காக ஃபேக்டரியில் எடுத்தது அது.

நட்டு பல டர்போக்களில் இடது மரை. வழக்கம்போல திருப்பினால் இறுகும், ஷாஃப்ட் முறிஞ்சாலும் ஆச்சர்யம் இல்லை. பக்கவாட்டில் நெம்பாம, டி-ஹேண்டில் வெச்சு நேரா திருப்புங்க.

ஷாஃப்ட்டை வெளியே எடுத்ததும் சாட்சியம் பேசும். நீலமோ ஊதாவோ நிறம் மாறியிருந்தால் ஆயில் வரலைன்னு அர்த்தம். வரி வரியா கீறல்னா ஆயிலில் அழுக்கு. நகத்தை வெச்சு இழுத்தால் கீறல் தட்டுப்படுதா? அந்த ஷாஃப்ட் அவ்வளவுதான். கம்ப்ரஸர் வீலின் இறக்கை நுனி சிதைஞ்சிருந்தால் ஏர் ஃபில்டர் வழியா ஏதோ உள்ளே போயிருக்கு. டர்பைன் பக்கம் உடைஞ்சிருந்தால் இன்ஜினுக்குள்ளேயே ஏதோ உடைஞ்சு வந்திருக்கு. அது டர்போவைவிடப் பெரிய செலவு.

க்ளீன் பண்ண கார்பரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரே, பிளாஸ்டிக் பிரஷ் போதும். அலுமினிய வீலில் கம்பி பிரஷ்ஷே கூடாது. நடு ஹவுஸிங்கில் ஆயில் ஓடும் துளைகள் எல்லாத்திலும் வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. அப்புறம் அந்த ரீல்ஸ்! கம்ப்ரஸர் காத்தை அடிச்சு வீலை 'வ்ர்ர்ர்'னு சுத்த விடுறாங்களே, பார்க்க செமயா இருக்கும். ஆயில் இல்லாம சுத்துற பேரிங் அப்பவே அடி வாங்குது. வீல் உடைஞ்சு தெறிச்சால் முகம் போயிடும்.

புதுப் பேரிங், த்ரஸ்ட் பேரிங், ரிங், சர்க்ளிப் எல்லாத்தையும் சுத்தமான இன்ஜின் ஆயிலில் நனைச்சு மாட்டுங்க. நட்டுக்கான டார்க் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ரொம்பக் குறைவான எண்தான், கைக்கணக்கு வேலைக்கு ஆகாது.

இதுவரைக்கும் வீட்டு வேலை. இதுக்கப்புறம் வர்றதை வீட்டில் செய்ய முடியாது: பேலன்ஸிங். அசெம்பிள் பண்ணின நடுப்பகுதியை, அதாவது கோரை, அதிவேகத்தில் சுத்தவிட்டு அதிர்வைப் பார்த்துச் சரி செய்யணும். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் டர்போ சர்வீஸ் கடைகளில் இதுக்கு மெஷின் இருக்கு. நான் முதல் தடவை இதையும் தாண்டிக் குதிச்சேன். இன்னொரு வழி, பேலன்ஸ் பண்ணி முழுசா வர்ற கோர் அசெம்பிளியை வாங்கி, உங்க ஹவுஸிங்கில் மாட்டுறது. கிட்டைவிட விலை அதிகம், புது டர்போவைவிடக் கம்மி. ரெண்டாவது தடவை நான் செய்தது இதைத்தான். முதல் தடவை பிரிக்கிறவங்களுக்கு என் ஓட்டும் இதுக்குத்தான்.

ஸ்டார்ட் பண்ணும் அந்த நிமிஷம்

மாட்டுறதுக்கு முன்னாடி இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவுங்க. பழைய டர்போவின் ஆயிலும் உலோகத் தூளும் அதுக்குள்ளேதான் இருக்கும். ஆயில் ஃபீட் பைப், பேக்கிங், ஃபில்டர், ஆயில் எல்லாம் புதுசு. பேக்கிங்கில் சிலிக்கான் பேஸ்ட் தடவாதீங்க. பிதுங்கி உள்ளே போற ஒரு துண்டு போதும், ஓட்டையை அடைக்க.

டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயிலை ஊத்தி, வீலைக் கையால் சுத்துங்க. அப்புறம் இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி சில நொடிகள் கிராங்க் பண்ணுங்க. விட்டு விட்டு ரெண்டு மூணு தடவை. ஆயில் பிரஷர் லைட் அணைஞ்ச பிறகு கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் பண்ணலாம். சில நிமிஷம் ஐடிலிங் மட்டும்தான். எவ்வளவு ஆசையா இருந்தாலும் ரேஸ் பண்ணாதீங்க. டார்ச் அடிச்சு ஒவ்வொரு ஜாயின்ட்டா கசிவு பாருங்க. இன்டர்கூலரில் மிச்சம் இருந்த ஆயில் எரியுறதால் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகை வரும். அது குறைஞ்சுக்கிட்டே வரணும், கூடக் கூடாது.

என் காரில் இப்போ 14,000 கி.மீ ஆச்சு. வாரத்துக்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பார்க்கிறேன். போன மாசம் பக்கத்து வீட்டு அண்ணன், "தம்பி, என் வண்டியும் விசில் அடிக்குதுப்பா, கிட் எங்கே வாங்கின?"ன்னு கேட்டார். முதல்ல அந்த ஆயில் பைப்பைக் கழற்றுங்கண்ணேன்னு சொன்னேன்.