கட்டிய கரமும் காக்கும் கரமும்: தாமிரபரணியின் வளைவுப் பாலங்கள்

உவரிக் கடற்கரையிலிருந்து திருநெல்வேலி நோக்கிப் புறப்படுபவருக்குத் தேரி மணலும் பனைக்காடுகளுமே நெடுந்தூரம் வழித்துணை. பாளையங்கோட்டையை அடையும் வரை அவர் தாமிரபரணியைக் காண்பதில்லை. கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நெருங்கும்போதுதான் ஆறு குறுக்கிடுகிறது. இன்று பேருந்து அதை ஓரிரு நிமிடங்களில் கடந்துவிடுகிறது. பயணி தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் மறுகரை வந்துவிடும். அந்தச் சில நொடிப் பயணத்திற்குப் பின்னால் ஏறத்தாழ 180 ஆண்டுக் கால வரலாறும், நம் சிந்தனைக்குரிய ஓர் அறக்கோட்பாடும் அடங்கியுள்ளன.

ஓடத்துறையை நம்பியிருந்த இரட்டை நகரம்

பொதிகை மலையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிறது. இக்குறுகிய ஓட்டத்தில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அதை மறிக்கின்றன. இவற்றுள் ஸ்ரீவைகுண்டம் அணை மட்டுமே 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. ஏனைய ஏழும் அதற்கு முற்பட்டவை. நீரைத் தேக்கி வயலுக்குத் திருப்பும் கலையில் இம்மண்ணின் மக்கள் பன்னெடுங்காலமாகவே தேர்ந்திருந்தனர். எனினும் அந்த நீரை எல்லாக் காலத்திலும் கடந்து செல்வதற்கான பெரும் பாலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நெல்லைக்கு வாய்க்கவில்லை.

ஆற்றின் ஒரு கரையில் கோயிலையும் கடைவீதிகளையும் சுற்றி வளர்ந்த திருநெல்வேலி. மறுகரையில் கோட்டையும் படையும் நிர்வாகமும் நிலைகொண்டிருந்த பாளையங்கோட்டை. முஸ்லிம் நெசவாளர் பெருவாரியாக வாழ்ந்த மேலப்பாளையம் பாளையங்கோட்டைக் கரையிலும், முஸ்லிம்கள் மிகுந்த மற்றோர் ஊரான பேட்டை திருநெல்வேலிக் கரையிலும் இருந்தன. உறவும் வாணிகமும் வழக்கும் ஆற்றைக் கடந்தாக வேண்டும். கோடையில் மணலில் நடக்கலாம்; வெள்ளம் வந்தால் ஓடம் ஒன்றே கதி. தறியில் நெய்த துணியைச் சந்தைக்குக் கொண்டு செல்பவருக்கு ஒரு நாள் தாமதம் என்பது ஒரு நாள் உணவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரு நகரங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே பிரிந்து நின்றன.

நாயிப் சிரஸ்தாரின் கொடை

1840இல் மாவட்ட ஆட்சியராக இருந்த தாம்சன் காலத்தில் பாலத்திட்டம் உருப்பெற்றது. கேப்டன் ஃபேபர் வரைபடம் தந்தார். கேப்டன் ஹார்ஸ்லி கட்டுமானத்தை மேற்கொண்டார். மதிப்பீடு சுமார் 50,000 ரூபாய். அக்காலத்தில் அது பெருந்தொகை. பொதுமக்களிடம் திரட்டுவது என்று பேசப்பட்ட அச்செலவின் பெரும்பங்கைத் தம் சொந்தப் பொறுப்பில் ஏற்றவர், ஆட்சியர் அலுவலகத்தில் நாயிப் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோச்சன முதலியார். அவருடைய துணைவியார் தம் நகைகளையும் மனமுவந்து அளித்ததாக நெல்லை மக்கள் இன்றும் சொல்லி வருகின்றனர். பாலம் 1843 நவம்பரில் திறக்கப்பட்டது.

அவர் வகித்த பதவியின் பெயரே சிந்திக்கத்தக்கது. சிரஸ்தார் என்பது சர்ரிஷ்ததார் என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு. முஸ்லிம் அரசுகளின் ஆட்சிமொழியிலிருந்து கும்பினி நிர்வாகம் ஏற்றுக்கொண்ட சொல் அது. ரிஷ்தா என்றால் இழை. சர் என்றால் தலைப்பு. ஏடுகளைக் கோத்த இழையின் தலைப்பைக் கையில் வைத்திருப்பவர் என்பது அதன் சொற்பொருள். இரு கரைகளையும் ஓர் இழையில் கோத்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பதவிப் பெயர் இருந்திருக்க முடியாது. இந்துவான அவர் கட்டிய பாலத்தின் மீது மேலப்பாளையத்து நெசவாளரும், பாளையங்கோட்டைக் கிறிஸ்தவரும், கோயிலுக்குச் செல்லும் பக்தரும் ஒன்றாகவே நடந்தனர். எவரிடமும் எந்தப் பாலமும் நீ யார் என்று கேட்பதில்லை.

வளைவின் கணக்கு

இப்பாலத்தின் நீளம் 760 அடி. அகலம் இருபத்தொன்றரை அடி. ஒவ்வொன்றும் 60 அடி அகலமுள்ள 11 வளைவுகள். தென்பாண்டி மக்கள் இவ்வளைவுகளைக் கண்கள் என்பர். பதினொரு கண்களுக்கு 660 அடி போக, எஞ்சிய 100 அடி ஏறத்தாழ இடைத் தூண்களுக்குரியது. அதாவது, ஆற்றின் பாதையில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதலான இடத்தைத் தூண்களே அடைத்துக்கொள்கின்றன. வெள்ளக் காலத்தில் இந்தக் கணக்கு எத்தகைய விளைவைத் தரும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இரும்புக் கம்பியும் சிமெண்டும் கொண்டு கட்டும் முறை அன்று இல்லை. சுண்ணாம்புக் காரையே இணைப்புப் பொருள். இழுவிசையைக் கல் தாங்காது; அழுத்தத்தை எவ்வளவும் தாங்கும். ஆகவே ஆப்பு வடிவக் கற்களை அரைவட்டமாக அடுக்கி, கீழே மரச்சாரத்தால் தாங்கி, உச்சியில் பூட்டுக்கல்லை இறக்கிய பின் சாரத்தைக் கழற்றிவிடுவர். அதன் பிறகு மேலேறும் சுமை ஒவ்வொரு கல்லையும் அடுத்த கல்லோடு நெருக்குகிறது. பாரம் கூடக் கூடப் பிணைப்பு இறுகும் இவ்வமைப்புக்கு ஆபத்து பெரும்பாலும் மேலிருந்து வருவதில்லை, கீழிருந்தே வருகிறது. தூணின் அடியிலுள்ள மணலை நீர் அரித்துவிட்டால், தூண் சாய்ந்து, அதன் இருபுறத்து வளைவுகளும் ஒருங்கே விழும்.

லண்டன் மாநகரில் 1817இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலத்தின் அமைப்பைப் பின்பற்றி நெல்லைப் பாலம் வடிவமைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. தேம்ஸ் ஆற்றின் அரிப்பால் தூண்கள் அமிழத் தொடங்கி, அந்த மூலப் பாலம் 1930களில் இடிக்கப்பட்டுவிட்டது. அதை முன்மாதிரியாகக் கொண்ட நெல்லைப் பாலமோ, பிற்காலத்தில் அகலப்படுத்தப்பட்டு, இன்றும் சுமை தாங்குகிறது.

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் இரயில் பாதையிலும் இதற்கோர் உடன்பிறப்பு உண்டு. மலைத்தொடரைக் கடந்ததும் கழுத்துருட்டியில் நிற்கும் பதிமூன்று கண் பாலம் அது. 1904இல் திறக்கப்பட்ட அம்மலைப்பாதையின் கருங்கல் வளைவுகள், 2018இல் அகலப்பாதை வந்தபோது வலுப்படுத்தப்பட்டுப் பணியைத் தொடர்கின்றன. முன்னையது தனிமனிதரின் கொடை. பின்னையது இரயில் நிறுவனத்தின் முதலீடு. இரண்டும் நிலைத்தமைக்குக் காரணம் ஒன்றே: பழுதுற்ற வேளையில் கவனிக்க ஒருவர் இருந்தார்.

மதிலா, பாலமா?

இவ்விடத்தில் ஹிஜ்ரி 101ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்தலூசிய ஆளுநர் அஸ்ஸம்ஹ் இப்னு மாலிக் அல்கவ்லானி, குர்துபா நகரில் ரோமானியர் கட்டிய பாலம் சிதைந்து கிடப்பதையும், நகர மதிலின் ஒரு பகுதி இடிந்திருப்பதையும் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு எழுதி வழிகாட்டல் கேட்டார். மதிலின் கற்களைக் கொண்டு பாலத்தைச் செப்பனிடுமாறும், மதிலைச் செங்கல்லால் அடைத்துக்கொள்ளுமாறும் கலீஃபா ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். புதிதாக வென்றெடுத்த எல்லை நாட்டில், தற்காப்புக்குரிய கல்லை எடுத்து மக்கள் நடக்கும் வழிக்குத் தந்த முடிவு இது. அந்தப் பாலத்தைக் கட்டியவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பது அங்கே ஒரு தடையாகவே எண்ணப்படவில்லை.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்க, ஆற்றையே கடக்கத்தக்கதாக்குவது எத்துணைப் பெரிய தர்மம்! எனவேதான் வழிப்போக்கர் விடுதி, நீரூற்று, கால்வாய் ஆகியவற்றோடு பாலமும் வக்ஃப் அறங்களுள் இடம்பெற்றது. வக்ஃபின் தனிச்சிறப்பு கட்டித் தருவதோடு முடிவதில்லை. மூலப்பொருள் விற்கப்படாமல் நிலைநிறுத்தப்பட, அதன் வருவாய் அறத்தை நாளும் பேணும். பழுதுபார்க்கும் செலவுக்கு வழிசெய்யாத கொடை பாதிக் கொடையே என்ற நுண்ணறிவு அதற்குள் இருக்கிறது.

போஸ்னியாவில் திரினா ஆற்றின் மீது விஷெகிராத் நகரில் நிற்கும் பாலம் இதற்குச் சான்று. உதுமானியப் பேரரசின் தலைமை அமைச்சர் சொகொலு முஹம்மது பாஷாவின் வக்ஃபாக, சிற்பி ஸினான் வடிவமைப்பில் 1577இல் நிறைவுற்றது அது. அதற்கும் நெல்லைப் பாலத்தைப் போலவே 11 வளைவுகள். வழிப்போக்கர் தங்கும் சத்திரமும் அதனுடன் எழுப்பப்பட்டது. அதே நாட்டில் நெரத்வா ஆற்றின் மீது 1566இல் எழுந்த ஒற்றை வளைவுப் பாலம் அருகே வளர்ந்த நகருக்கு மொஸ்தார் என்று பெயர். பாலத்தைக் காவல் காத்தவர்களைக் குறிக்கும் மொஸ்தாரி என்னும் சொல்லே அப்பெயருக்கு மூலம். கட்டியவர் பெயரன்று, காத்தவர் பெயரே ஊர்ப்பெயராயிற்று. 1993 நவம்பர் 9 அன்று உள்நாட்டுப் போரின் பீரங்கிகள் அதைத் தகர்த்தன. 2004இல் அது மீண்டும் எழுந்தது.

தமிழகத்திலும் இத்தகைய தொலைநோக்கு இருந்தது. 1726இல் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது 30,000 பகோடா செலவில் வளைவுப் பாலம் கட்டியதோடு, பராமரிப்புக்கெனத் தனியே 1,500 பகோடாக்களையும் ஒதுக்கினார். கிறிஸ்தவரான அவர் வக்ஃப் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை. அதன் உட்பொருளைச் செயலில் காட்டினார்.

1869 முதல் 2023 வரை

நெல்லைப் பாலத்துக்கான சோதனை 26 ஆண்டுகளிலேயே வந்தது. 1869இன் பெருவெள்ளத்தில் அதன் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. ஆட்சியர் பக்கிள் காலத்தில் 1871இல் அது சீரமைக்கப்பட்டது. அன்று அதை அப்படியே விட்டிருந்தால் சுலோச்சன முதலியார் பெயர் பழைய ஆவணங்களில் மட்டுமே எஞ்சியிருக்கும். ஆக, இன்று நாம் கடப்பது ஒருவரின் ஈகையையும் பலரின் பராமரிப்பையும் ஒருசேரத்தான்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தாமிரபரணி மீண்டும் தன் வலிமையைக் காட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரலில் பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்தது. இரயில் பாதையின் அடித்தளம் கரைந்து போனதால், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, சுமார் 800 பயணிகள் தவித்தனர். அண்டைக் கிராமத்து மக்கள் தங்களிடமிருந்ததைக் கொண்டு அவர்களுக்கு உணவளித்தனர். வழி அறுந்தால் நவீன காலத்திலும் ஊர் தீவாகிவிடும் என்பதை அந்நாள்கள் உணர்த்தின. ஓடத்துறைக் காலத்து நெசவாளரின் நிலையை நாமும் சில நாள்கள் அனுபவித்தோம்.

வெள்ளம் இயற்கையின் செயல். ஆற்றின் அடித்தளம் பலவீனமாவதோ பெரிதும் மனிதரின் செயல். மணலை வரம்பின்றி அள்ளினால் ஆற்றுப்படுகை தாழ்கிறது; தூண்களின் அடி வெளிப்படுகிறது; அரிப்புக்கு வாசல் திறக்கிறது. முதுபெரும் தலைவர் நல்லகண்ணு தொடுத்த பொதுநல வழக்கில், 2010இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. அந்த வழக்கு ஆற்றுக்காகத் தொடுக்கப்பட்டது. பாலங்களுக்கும் அதுவே காப்பு.

நமக்குரிய கேள்வி

வக்ஃப் என்ற சொல் இன்று சொத்துத் தகராறு, ஆக்கிரமிப்பு, சட்டத்திருத்தம் என்னும் செய்திகளோடு மட்டுமே பலரின் காதில் விழுகிறது. நாமும் அதைப் பள்ளிவாசலுக்கும் அடக்கத்தலத்துக்கும் உரியதாகவே பெரிதும் சுருக்கிக்கொண்டோம். நம் முன்னோரின் அகராதியில் அது கிணறாகவும் பாதையாகவும் பாலமாகவும் விரிந்திருந்தது. பயன்பெறுவோர் எச்சமயத்தார் என்ற வினா அங்கு எழவில்லை.

இக்காலத்தில் பாலம் கட்டுவது அரசின் பணியாகிவிட்டது. ஆனால் காக்கும் பணியில் குடிமக்களுக்கும் பங்குண்டு. தூண்களில் வேர் பற்றும் ஆலஞ்செடியையும் அரசஞ்செடியையும் கண்டால் உரியவர்க்கு அறிவிப்பது, வளைவுகளின் கீழ் குப்பை கொட்டுவதைத் தடுப்பது, மணல் கொள்ளையைக் கண்டும் காணாதிருக்க மறுப்பது, பழைய பாலங்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வது ஆகிய இவை எவருக்கும் இயலும். இவற்றுக்கு 50,000 ரூபாய் தேவையில்லை.

சுலோச்சன முதலியார் பாலத்தில் அடுத்த முறை செல்லும்போது, வாய்ப்பிருந்தால் வண்டியிலிருந்து இறங்கிக் கரையோரம் நின்று அந்தக் கண்களைப் பாருங்கள். 1843இல் ஒருவர் ஒரு முறை கொடுத்தார். அதை நிலைநிறுத்தும் தர்மம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம் முன் வந்து நிற்கிறது.