வெட்டி: ஒரு சொல்லின் கூலிக் கணக்கு

அண்ணனூர் ரயில் நிலையத்தில் மதிய வண்டிக்குக் காத்திருந்தபோது பக்கத்து பெஞ்சுப் பேச்சு காதில் விழுந்தது. "இன்னா மச்சி, கம்பெனிக்குப் போலியா?" "நின்னுட்டேன்டா. இப்ப வெட்டி ஆபீசர்." வேலையில்லாதவனுக்கு ஒரு பதவிப் பெயர் சூட்டுவது சென்னைக் குறும்பு. ஆனால் இந்தச் சொல் முதலில் குறித்தது தட்டவே முடியாத வேலையை.

சோழர் காலக் கல்வெட்டுகளில் கடமை, குடிமை, அந்தராயம் முதலிய வரிகளோடு வெட்டி, முட்டையாள் என்ற பெயர்களும் அடிக்கடி வருகின்றன. நெல்லாகவோ காசாகவோ அல்லாமல் உடலுழைப்பாகக் கொடுக்க வேண்டியது வெட்டி, கூலி கிடையாது. 'விஷ்டி' என்ற வடசொல் பிராகிருதத்தின் வழியே தமிழில் இவ்வாறு திரிந்தது என்பது பலரும் ஏற்கும் முடிவு. கி.பி. 150 அளவில் பொறிக்கப்பட்ட ஜூனாகத் கல்வெட்டில் ருத்ரதாமன், உடைந்த சுதர்சன ஏரியை மக்கள்மேல் வரியோ விஷ்டியோ சுமத்தாமல் தன் கருவூலப் பணத்தில் சீரமைத்ததாகப் பெருமைப்படுகிறான். இதைக்கூட ஒரு மன்னன் கல்லில் வெட்டிவைத்தான் என்றால், மற்ற ஏரிகளின் கரையில் மண் சுமந்தவர்கள் கூலி கண்டிருப்பார்களா என்ன?

ஏரிக்கும் கட்டாய உழைப்புக்கும் இருந்த உறவு எளிதில் அறவில்லை. அம்பத்தூர், பருத்திப்பட்டு ஏரிகளுக்கு நடுவே கிடக்கும் அண்ணனூர், பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். அம்மாவட்டம் அடங்கிய சென்னை மாகாணத்துக்கென 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. கரை உடையும் ஆபத்தில் ஊராரை வேலைக்கு இழுக்கவும், ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் வழக்கமான குடிமராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் அது வழிசெய்தது.

கட்டாயத்தைக் குறித்த வெட்டி, சும்மா இருப்பதைக் குறிக்க வந்தது எப்படி? இரண்டுக்கும் பாலம் கூலியின்மை என்பது என் கணிப்பு. அரசின் ஏட்டில் வெட்டி என்பது வரவு. சுமந்தவன் வீட்டிலோ, நாள் முழுக்க உழைத்தும் உலையில் போட ஒன்றுமில்லை. கைக்கு எதுவும் வராத வேலை பயனற்ற வேலையாயிற்று. வெட்டிச் செலவு, வெட்டிப் பேச்சு, வெட்டி பந்தா எல்லாம் அந்த வழியில் வந்தவை. கடைசியில் வேலையே உதிர்ந்துபோய், "வெட்டியா சுத்துறான்" என்பது மட்டும் நின்றது. ஆக, பொருளை மாற்றியவர்கள் கல்வெட்டு எழுதியவர்கள் அல்லர், மண் சுமந்தவர்கள்.

அண்டை மொழிகள் வேறு வழியில் போயின. கன்னடத்தில் 'பிட்டி' இன்று பெரும்பாலும் இலவசம். அங்கே பெறுகிறவன் பக்கம் வென்றது. தெலுங்கில் 'வெட்டி சாகிரி' இன்னும் கட்டாய ஊழியம்தான். 1946இல் தொடங்கிய தெலங்கானா உழவர் போராட்டம் அதை ஒழிக்கக் கேட்டதால், அச்சொல்லின் புண் ஆறவில்லை. தமிழில் வற்புறுத்தலைச் சொல்லக் கட்டாயம், பலவந்தம், நிர்ப்பந்தம் ஆகியவை இடம்பிடித்தன. 1938இல் பள்ளிகளில் இந்தி புகுத்தப்பட்டதை எதிர்த்தவர்கள் அதைக் 'கட்டாய இந்தி' என்றே அழைத்தார்கள். அந்தக் கட்டாயமும் இப்போது இளகிவிட்டது: "கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துடறேன்" என்பவரை யாரும் மிரட்டவில்லை.

வெட்டியான் என்ற ஊழியப் பெயரைக் குழி வெட்டுவதோடு சேர்த்துப் பொருள்சொல்வார்கள். எனக்கு அது பிற்கால விளக்கமாகவே படுகிறது. சேதி சொல்வதும் மடை பார்ப்பதும்கூட அவர் பணியாக இருந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொது, மறுக்க முடியாத ஊர் ஊழியம்.

சட்டம் மட்டும் பழம்பொருளை மறக்கவில்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்தியாவெங்கும் வழங்கிய கட்டாய உழைப்பு முறைகளைப் பெயர்பெயராக அடுக்குகிறது. படியாள், பண்ணையாள் அதில் உண்டு. ஆங்கில அகரவரிசையில் கடைசிப் பெயர் வெட்டி.

பேச்சுவழக்கிலும் ஓரிடத்தில் பழம்பொருள் ஒளிந்திருக்கிறது. விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, சோறு கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த பெண்ணிடம், மாலையில் வீடு திரும்பும் கணவன் கேட்கிறான்: "வீட்ல வெட்டியாத்தானே இருக்கே, கரண்ட் பில்லு கட்டிட்டு வந்திருக்கலாம்ல?"